இரைச்சல் தரவுகளில் படிநிலைக் கொத்தாக்க முறைகள்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

படிநிலைக் கொத்தாக்கம் என்பது ஒத்த தரவுகளைப் படிப்படியாக இணைத்துக் கிளைப்படமாகக் காட்டும் முறையாகும். உயிரியல் வகைப்பாட்டில் பெரிதும் வழங்கிய இம்முறை, இன்று பனுவலின் ஆசிரியரை ஆராயும் நடையியலிலும் பயன்படுகிறது. எழுத்துணரி மென்பொருள் பிழைபடப் படித்த பனுவல் கிளைப்படத்தில் தனித்து நின்றால், அதனை வேறோர் ஆசிரியருக்கு உரியதெனக் கருதிவிட வாய்ப்புண்டு. ஆகவே, எம்முறை எவ்வகை இரைச்சலைத் தாங்கும் என அறிதல் இன்றியமையாதது.

இருவகை இரைச்சல்

0, 1, 2 ஒரு கொத்தாகவும் 8, 9, 10 மற்றொரு கொத்தாகவும் அமைந்த தரவைக் கொள்வோம். மிக அருகிலுள்ள புள்ளிகளின் தொலைவை நோக்கும் ஒற்றை இணைப்பில் இவை 6 என்னும் உயரத்தில் இணையும். இடையே 5 என்னும் பிழைப்புள்ளி புகுந்தால், 3 என்னும் உயரத்திலேயே அனைத்தும் ஒன்றாகிவிடும். இதுவே சங்கிலி விளைவு. மிகத் தொலைவிலுள்ள புள்ளிகளை நோக்கும் முழு இணைப்பிலோ, அப்புள்ளி ஒரு கொத்தைச் சேர்ந்தாலும், இரு கொத்துகளும் முன்போலவே 10 என்னும் உயரத்தில்தான் இணையும்.

5க்குப் பதிலாக 17 என்னும் விலகிய புள்ளி சேர்ந்த தரவை இரு கொத்துகளாகப் பகுப்பதாகக் கொள்வோம். ஒற்றை இணைப்பு 17ஐத் தனியே நிறுத்தி, உண்மையான இரு கொத்துகளையும் ஒன்றாக்கிவிடும். முழு இணைப்பும், வார்டு 1963இல் முன்வைத்த முறையும் 17ஐ இரண்டாம் கொத்தில் சேர்த்துப் பிரிவைக் காக்கும். ஆயின் அக்கொத்தின் சராசரி 9இலிருந்து 11ஆகப் பெயரும். விலகிய புள்ளி 30இல் அமைந்தாலோ, இவ்விரு முறைகளும் ஒற்றை இணைப்பைப் போன்றே பிழைபடும்.

இம்முறைகளில் ஒருமுறை இணைந்தவை மீண்டும் பிரிவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஏதேனும் ஒரு கொத்தில் அடங்கியாக வேண்டும். காம்பெல்லோ, மவுலாவி, சாண்டர் ஆகியோர் 2013இல் முன்வைத்த அடர்த்திசார் படிநிலை முறை, சில புள்ளிகளை இரைச்சல் எனக் குறித்து ஒதுக்க இடமளிக்கிறது.

மதிப்பிடும் வழி

சோகல், ரோல்ஃப் ஆகியோர் 1962இல் முன்வைத்த கோஃபனெட்டிக் ஒட்டுறவுக் கெழு, தரவின் தொலைவுகளைக் கிளைப்படம் எவ்வளவு பேணுகிறது என்பதையே அளக்கும். தொலைவுகளே பிழைபட்டிருப்பின், அப்பிழையைப் பேணும் கிளைப்படமும் உயர்ந்த மதிப்பெண் பெறும். எனவே, வகைப்பாடு முன்பே அறியப்பட்ட தரவில் இரைச்சலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மூலப் புள்ளிகளுக்கு மட்டும் திருத்திய ராண்ட் குறியீட்டைக் (ஹூபர்ட், அரேபி, 1985) கணித்து ஒப்பிடுதலே பொருத்தமாகும்.

முடிவுரை

கொத்துகளுக்கு இடையே விழும் இரைச்சலும் தொலைவில் விழும் இரைச்சலும் ஒரே வகையின அல்ல. மேற்கண்ட இணைப்பு முறைகளுள் எதுவும் இரண்டையும் எந்நிலையிலும் தாங்குவதில்லை. எனவே, தரவின் இரைச்சல் எவ்வகையினது எனக் கண்டறிந்த பின்னரே முறையைத் தெரிவுசெய்தல் வேண்டும்.