ஒரே மாதத்தில் இரண்டு வேலை மாற்றம்... நடுவில் ஒரு நெஞ்சுவலி!

'கல்யாணம் பண்ணிப் பார். வீட்டைக் கட்டிப் பார்' என்று சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பார்த்திருந்தால், 'வேலையை மாற்றிப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். என் மருத்துவமனைக்கு வருகிற இளம் தம்பதிகளிடம் "எப்போதிலிருந்து இந்தத் தொந்தரவு?" என்று கேட்டால், பாதிப் பேர் தேதி சொல்வதில்லை. "புது வேலையில சேர்ந்ததிலேர்ந்து சார்" என்கிறார்கள்.

அப்படி ஒரு தம்பதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். பெயரும் அடையாளமும் வேண்டாம். அவர்களுக்கு நடந்தது நாளை உங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

கணவருக்கு 31 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் இரவு வேலை. மாலை ஆறு மணிக்குப் போனால் விடிகாலை மூன்று மணிக்குத்தான் முடியும். மனைவிக்கு 28 வயது. புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். திருமணமாகி மூன்று வருடம். 'ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் முழிச்சிருக்கோம், இது என்ன வாழ்க்கை?' என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். அவர் பகல் நேர வேலைக்கு ஒரு சின்ன கம்பெனியில் சேருவது. அவர் மனைவி கல்லூரியை விட்டு ஒரு வங்கி வேலைக்குப் போவது. இரண்டும் ஒரே மாதத்தில்!

மாதத் தொடக்கத்தில் மனைவி புது வேலையில் சேர்ந்துவிட்டார். கணவருக்கோ பழைய வேலை முடிந்து புது வேலை தொடங்க இரண்டு வாரம் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒன்பதாம் நாள் ராத்திரி வந்தது வினை.

அன்று இரவு பதினோரு மணிக்கு ஓட்டலிலிருந்து வாங்கி வந்த பரோட்டா, சால்னா. சாப்பிட்ட கையோடு படுக்கை. ஒன்றரை மணிக்கு நெஞ்சை யாரோ மிதிப்பது போல அழுத்தம். உடம்பெல்லாம் வியர்வை. மூச்சு வாங்குகிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, "வாயுதான்டா, பரோட்டா தின்னா இப்படித்தான் பண்ணும்" என்று ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். ஃப்ரிட்ஜில் இருந்த சோடாவும் உள்ளே போனது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குமேல் மனைவி யாரிடமும் வாதம் செய்யவில்லை. 108-க்குப் போன் செய்தார்.

வாயுவா, மாரடைப்பா?

அந்தப் பெண் செய்ததுதான் சரி. சித்த மருத்துவன் நான் சொல்கிறேன்: நெஞ்சுவலிக்கு முதல் மருந்து இஞ்சியும் இல்லை, ஓமமும் இல்லை. இ.சி.ஜி.தான்!

வாயுத் தொல்லையும் மாரடைப்பும் ஆரம்பத்தில் ஒரே வேஷம் போட்டுக்கொண்டு வரும். நெஞ்சில் அழுத்தம் பதினைந்து, இருபது நிமிடமாகியும் விடவில்லையா? தோள், இடது கை, தாடை, முதுகு என்று வலி பரவுகிறதா? கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல் இருக்கிறதா? 'விடியட்டும்' என்று காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், வெறும் அசதியும் மூச்சுத்திணறலுமாகக்கூட மாரடைப்பு வரும்.

'முப்பது வயசுல ஹார்ட் அட்டாக்கா?' என்ற அலட்சியமும் வேண்டாம். 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியிடப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்பு நம் தெற்காசிய மக்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது என்று காட்டியது. மாரடைப்புக்கு அந்த ஆய்வு கண்ட ஒன்பது முக்கியக் காரணங்களில் மன அழுத்தமும் ஒன்று.

ஆஸ்பத்திரியில் போனதும் இ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல். 'அப்ப வீட்டுக்குப் போகலாமா?' என்றால், கூடாது. முதல் இ.சி.ஜி. நார்மலாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் 'ட்ரோபோனின்' என்ற புரதம் கூடும். அது கூடச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அந்தப் பரிசோதனை செய்கிறார்கள். 'காசு புடுங்கப் பார்க்கிறான்' என்று இதற்கு மட்டும் சண்டை போடாதீர்கள்.

அவருக்கு இரண்டு முறையும் ட்ரோபோனின் சரியாக இருந்தது. எக்கோவும் நன்றாக இருந்தது. மாரடைப்பு இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் 150/96. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. 5.9. பில் 38 ஆயிரம் ரூபாய். அதை முழுக்கக் கைக்காசிலிருந்துதான் கட்டினார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"நாடி பார்த்துச் சொல்லுங்க சார்!"

மூன்றாம் நாள் அம்மா, மகன், மருமகள் மூவரும் ஃபைலோடு என்னிடம் வந்தார்கள். "எங்களுக்கு இந்த மெஷின்ல எல்லாம் நம்பிக்கை இல்ல சார். நீங்க நாடி பிடிச்சுப் பார்த்து அடைப்பு இருக்கா இல்லையான்னு சொல்லிடுங்க" என்றார் அந்த அம்மா.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்த்துத்தான் நோயைக் கணிக்கிறோம். வாத, பித்த, கபத்தில் எது மிஞ்சியிருக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதில் அறியலாம். ஆனால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதை நாடி பார்த்துச் சொல்ல முடியாது. "முடியும்" என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். இதை அந்த அம்மாவிடமும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

பிறகு அந்தத் தம்பியிடம் நான் கேட்டது நெஞ்சுவலியைப் பற்றி இல்லை. "எதையெல்லாம் அடக்குறீங்க?" என்றுதான் கேட்டேன்.

அடக்கக் கூடாத பதினான்கு

நம் முன்னோர் உடம்பின் வேகங்கள் பதினான்கு என்று வகுத்து, அவற்றை அடக்கினால் நோய் வரும் என்றார்கள். வாதம், தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, சுவாசம். இரவு வேலை பார்க்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். தூக்கத்தை அடக்க காபி. பசியை அடக்க பிஸ்கட். 'கால்' பேசி முடிகிற வரை சிறுநீரை அடக்குவது. ஏ.சி. குளிரில் தாகமே தெரியாது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது வெறும் பேச்சு இல்லை. அது செல்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆறு வருடம் ராத்திரியைப் பகலாக்கிய உடம்பை, நோட்டீஸ் பீரியட் முடிந்த மறுநாளே 'பத்து மணிக்குத் தூங்கு' என்றால் கேட்குமா? படுத்தால் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராததால் யோசனை. யோசனை வந்தால் மறுபடி காபி. இந்த நிலையில் வயிற்றில் பரோட்டாவோடு படுத்தால், அமிலம் மேலே ஏறி நெஞ்சை எரிக்கத்தான் செய்யும். அந்த எரிச்சலை 'ஹார்ட் அட்டாக்' என்று மனசு பயந்தால், மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் விரல் மரக்கும், பயம் இரட்டிப்பாகும். அவருக்கு நடந்தது இதுதான்.

"சரி தம்பி, தூக்கம் வராம என்ன யோசனை?" என்றேன். மனைவியைப் பார்த்தார். தலை குனிந்தார். "புதுக் கம்பெனில சம்பளம் ஒன்பதாயிரம் கம்மி சார். வீட்டு லோன் இருக்கு. இவகிட்ட சொல்லல" என்றவர், அங்கேயே உடைந்து அழுதுவிட்டார். பதினான்கில் ஒன்று கண்ணீர் என்று சொன்னேன் அல்லவா?

"பழைய மேனேஜர் திரும்பக் கூப்பிடறார் சார். நைட் ஷிஃப்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

மனைவி சொன்ன பதில்தான் அழகு. "இதுக்கா நெஞ்சு வலிச்சுது? சம்பளம் கம்மின்னா கணக்குப் போட்டுக்கலாம். நீங்க இல்லாம நான் எந்தக் கணக்கைப் போடறது?"

முடிவை நான் எடுக்கவில்லை, அவர்களிடமே விட்டேன். ஒன்றை மட்டும் சொன்னேன்: "5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது என்று அர்த்தம். உங்க அப்பாவுக்கும் சர்க்கரை. தொடர்ந்த இரவு வேலை அதை வீட்டுக்குள் அழைத்து வரும்." 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். வாசல்படியில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், 13 கோடிக்கும் மேல்! வாசலில் நிற்பதைத் திருப்பி அனுப்பிவிடலாம். உள்ளே வந்துவிட்டால் கஷ்டம்.

துணைக்கு வந்தவருக்கும் நோய்!

எழுந்து போகும்போது அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். "ஒண்ணுமில்ல சார், லேசா தலை சுத்தும்." உட்கார வைத்துக் கண் இமையைக் கீழிறக்கிப் பார்த்தேன். வெளிறியிருந்தது. நாக்கும் அப்படியே. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மின்சார ரயிலில் ஒருநாள் மயங்கி விழப் போனதை, 'புது வேலை, லீவு கேட்க முடியாது' என்று வீட்டில் சொல்லாமல் மறைத்திருக்கிறார். ஆக, இவரும் ஒன்றை அடக்கித்தான் வைத்திருந்தார்!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருவரில் ஒருவருக்கு! அதனால், கணவரை டாக்டரிடம் அழைத்துப் போகும் பெண்களே, ஐந்து நிமிடம் உங்களையும் காட்டிவிட்டு வாருங்கள்.

மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீடிப்பதாகச் சொன்னதால், முதலில் பெண் மருத்துவரிடம் அனுப்பி ஸ்கேன் பார்க்கச் சொன்னேன். பயப்படும்படி எதுவும் இல்லை. பிறகு இரும்புச் சத்துள்ள அன்னபேதிச் செந்தூரமும் கரிசாலை லேகியமும் கொடுத்தேன். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடவும், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி தொடாமல் இருக்கவும் சொன்னேன். எலுமிச்சை இரும்பை உள்ளே சேர்க்கும். டீ அதைத் தடுக்கும். மூன்று மாதத்தில் 11.2-க்கு வந்தார்.

ஒரு எச்சரிக்கை. செந்தூர, பற்ப மருந்துகளை மருத்துவர் ஆலோசனை இல்லாமல் வாங்காதீர்கள். லேபிளும் உரிமம் எண்ணும் இல்லாத பொட்டலத்தை வாயில் போடாதீர்கள்.

கணவருக்குச் சொன்னது

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்தி, இடது பக்கம் சாய்ந்து படுப்பது. நண்பகலுக்குப் பிறகு காபி கிடையாது. காலையில் அரை மணி வெயிலில் நடை; உடம்புக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க சூரியனைவிட நல்ல சாவி கிடையாது. மதியம் சீரகம் போட்ட மோர், வாரம் ஒருமுறை நல்லெண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்த்த அன்று பகல் தூக்கம் கூடாது.

வயிற்றெரிச்சலுக்கு நல்லதென்று அவர் அம்மா அதிமதுரப் பொடி வைத்திருந்தார். அதை நிறுத்தச் சொன்னேன். அதிமதுரம் நல்ல மூலிகைதான். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். 'மூலிகைதானே' என்று எதையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக் கூடாது.

அவர் புது வேலையிலேயே சேர்ந்தார், ஒரு வாரம் தாமதமாக. ஒரு மாதம் குறித்து வைத்த ரத்த அழுத்தம் 130-ஐ ஒட்டி நின்றது. மூன்று மாதத்தில் சர்க்கரை 5.6. ஒன்பதாயிரத்துக்கு என்ன செய்தார்கள் என்கிறீர்களா? ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தியதிலேயே பாதி வந்துவிட்டதாம்!

வேலை மாறப் போகிறீர்களா?

* கம்பெனி கொடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸ், பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அவருக்கு அப்படித்தான் முடிந்திருந்தது. வேலையை விடும் முன்பே, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி கேளுங்கள்.

* புது வேலையில் சேர்ந்த அன்றே கணவன், மனைவி, குழந்தை பெயரைச் சேர்க்கும் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு வந்த படிவம் இ-மெயிலில் பிரிக்கப்படாமலே கிடந்தது!

* இருவரும் ஒரே மாதத்தில் மாறாதீர்கள். ஒருவர் ஊன்றிய பின் மற்றவர் காலை எடுத்து வைக்கட்டும்.

* மாறும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் இருவரும் பாருங்கள்.

* சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாமல் வைத்திருந்தால், ராத்திரி ஒன்றரை மணிக்கு உடம்பு சொல்லும்!