கியர் சைக்கிளில் செயின் லூஸா? ‘ரெண்டு கண்ணியைக் கழட்டிடுங்க’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க!

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. கோட்டையைப் பார்த்துவிட்டு, சமணர் படுக்கைகள் உள்ள தொண்டூர் பக்கமும் சைக்கிளிலேயே ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று பிளான் போடுகிறீர்களா? வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கும் பழைய கியர் சைக்கிளை எடுத்தால், காற்றடித்து எண்ணெய் விட்டதும் ஓடிவிடும். ஆனால் கியரை மாற்றினால்தான் கதை தெரியும். கடகட சத்தம், தானாகத் தாவும் கியர், கழன்று விழும் செயின்!

உடனே எல்லோரும் சொல்வது, “செயின் லூஸா இருக்கு, ரெண்டு கண்ணியை எடுத்துட்டா சரியாயிடும்.” சாதா சைக்கிளுக்கு இது சரியான வைத்தியம். கியர் சைக்கிளுக்கு ஆபத்தானது. ஏன்?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பள்ளி மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள் போன்றவற்றில் முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று. செயினுக்குத் தேவையான நீளம் எப்போதும் ஒன்றுதான். லூஸானால் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்குவார்கள். இழுக்க இடமில்லை என்றால் கண்ணியைக் கழட்டுவார்கள்.

கியர் சைக்கிளில் செயினுக்கு வேண்டிய நீளம் கியருக்குக் கியர் மாறும். முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரத்தில் ஓடும்போது அதிக நீளம் வேண்டும். இரண்டும் சிறிய சக்கரமானால் குறைவு போதும். மிச்சமாகும் நீளத்தை இழுத்துப் பிடிப்பது, பின்சக்கரத்தின் அருகே தொங்கும் டீரெய்லரின் வேலை. அதன் கையில் ஸ்பிரிங் இருக்கிறது; இரண்டு குட்டிச் சக்கரங்கள் வழியாகச் செயின் ஓடுகிறது.

அதாவது, சிறிய சக்கரத்தில் இருக்கும்போது ‘லூஸ்’ என்று தெரிவது, பெரிய சக்கரத்துக்கான சேமிப்பு. அதை வெட்டிவிட்டு, மேட்டில் ஏறும்போது பெரிய சக்கரத்துக்கு மாற்றினால் செயின் பற்றாது. டீரெய்லர் வளையலாம், உடையலாம், கம்பிக்குள் சிக்கலாம். அப்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் கீழேதான்.

செயின் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

புதுச் செயின் வாங்கியதும் டீரெய்லருக்குள் விடாமல், முன்னால் இருக்கும் பெரிய சக்கரத்தையும் பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தையும் நேரடியாகச் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். இரு முனைகளும் சேரக்கூடிய இடத்தைக் குறித்து, அதற்கு மேல் 2 கண்ணிகள் (1 அங்குலம்) சேர்த்து வெட்டுங்கள். அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் நீளமாகவே விடுங்கள். நீளத்தைப் பிறகு குறைக்கலாம். மாஸ்டர் லிங்க் போடுவதாக இருந்தால் அதையும் ஒரு கண்ணியாகக் கணக்கில் சேருங்கள்.

பிறகு சிறியது-சிறியதில் போட்டுப் பாருங்கள். செயின் தொங்கினால் நீளம் அதிகம்.

இருக்கும் செயினே போதுமா?

ஒரு ஸ்கேல் போதும். செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்து பாருங்கள். வீசம் அங்குலம் (சுமார் 1.5 மி.மீ.) கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். அரைக்கால் அங்குலம் (சுமார் 3 மி.மீ.) கூடியிருந்தால் பின்னால் உள்ள பல்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல் தாவும். தேய்ந்த செயினில் கண்ணியை எடுத்தாலும் இந்தத் தேய்மானம் போகாது.

பின்னால் 6, 7, 8 பல்சக்கரம் உள்ள சைக்கிள்களுக்கு ஒரே அகலச் செயின்தான் என்பதால் பழைய சைக்கிளுக்குச் செயின் கிடைப்பது சிரமமில்லை.

டீரெய்லரை எப்படி செட் செய்வது?

வரிசை முக்கியம். முதலில் பின்னால் நின்று பாருங்கள். குட்டிச் சக்கரங்கள் பல்சக்கரத்துக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால், டீரெய்லர் மாட்டியிருக்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. கீழே விழுந்த சைக்கிளில் இது சகஜம். இரும்பு ஹேங்கரைக் கடையில் நிமிர்த்தலாம். இதைச் சரிசெய்யாமல் ஸ்குரூவைத் திருகிப் பயனில்லை.

* ‘ஹெச்’ ஸ்குரூ: கேபிளைத் தளர்த்திவிட்டு, மேல் குட்டிச் சக்கரம் பின்னாலுள்ள மிகச்சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள்.

* ‘எல்’ ஸ்குரூ: டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளுங்கள். மிகப்பெரிய சக்கரத்துக்கு நேரே நிற்க வேண்டும். அதைத் தாண்டிக் கம்பிப் பக்கம் போகவே கூடாது. வலப்பக்கம் திருகினால் நகர்வு குறையும்.

* கேபிள்: ஷிஃப்டரைச் சிறிய சக்கரத்துக்கான நிலையில் வைத்து, தொய்வில்லாமல் இழுத்து போல்ட்டை முடுக்குங்கள். ஒரு ‘கிளிக்’ தட்டியும் செயின் அடுத்த பெரிய சக்கரத்தில் ஏறவில்லையா? கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகை இடப்பக்கம் அரைச்சுற்று திருப்புங்கள். திரும்பி இறங்கத் தயங்கினால் வலப்பக்கம்.

உங்கள் ஷிஃப்டரில் ‘கிளிக்’ சத்தமே இல்லையா? அது பழுது அல்ல. ஷிமானோ 1984-ல் டுரா-ஏஸ் மாடலில் கிளிக் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது பரவலானது. அதற்கு முந்தைய பாணி லீவர்களில் சரியான இடத்தைக் கைதான் தேட வேண்டும். அதற்கு உருளைத் திருகும் தேவையில்லை.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

சாதா சைக்கிளே அதிகம் வரும் கடையில், பழக்கத்தில் முதலில் கண்ணியைத்தான் எடுப்பார்கள். அதனால் சைக்கிளைக் கொடுக்கும்போதே, “அண்ணே, ரெண்டு பெரிய சக்கரத்துலயும் போட்டுப் பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க” என்று சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றி, எல்லா கியரையும் ஒருமுறை மெதுவாக மாற்றிப் பாருங்கள். பெரியது-பெரியதிலும் டீரெய்லரின் கையில் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்க வேண்டும். இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம்.