காப்பித் தோட்டத்தில் ஒரு நீளக் கம்பி

மலைமேல் ரேடியோ நன்றாக எடுக்கும் என்பார்கள். எஃப்.எம்.முக்கு அது சரி, கொடைக்கானல் எஃப்.எம். சமவெளியில் அத்தனை தூரம் கேட்பது மலையின் உயரத்தால்தான். மத்திய அலைக்கு உயரம் அவ்வளவாக உதவாது. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தைவிட, தலைச்சோலைப் பக்கம் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதுதான் பெரிய வரம். எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சல் அங்கே குறைவு.

பகலில் வானின் கீழ் அயனி அடுக்கு மேலே ஏறும் மத்திய அலையை விழுங்கிவிடும்; தரையை ஒட்டி வருவது மட்டும் கேட்கும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைய, மேலடுக்கில் பட்டு அலை திரும்பி வரும். பகலெல்லாம் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸைக் கேட்டவர், இரவில் சுமார் 450 கிலோமீட்டர் தள்ளியுள்ள இலங்கைப் புத்தளத்தின் 882-ஐத் தேடலாம்.

இதற்கு ஏரியலாக இருபத்தைந்து, முப்பது மீட்டர் செம்புக் கம்பி போதும். பிளாஸ்டிக் உறை இருந்தாலும் குற்றமில்லை. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் இரண்டுக்கு நடுவே, ஆள் தலைக்கு நன்றாக மேலே கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். நைலான் கயிறும் பீங்கான் இன்சுலேட்டரும் போதும். காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடும். அதனால் ஒரு முனைக் கயிற்றைக் கப்பியில் போட்டு, நுனியில் கல்லைத் தொங்கவிடுங்கள். மின்கம்பிக்கு மேலோ கீழோ ஒருபோதும் இழுக்காதீர்கள். அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும்.

எந்தத் திசை என்று குழம்ப வேண்டாம். 882-இன் அலைநீளமே 340 மீட்டர்; அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கம்பிக்குத் திசை பெரிதாகத் தெரியாது.

பலரும் கம்பியை நீட்டிக்கொண்டே போவார்கள், எர்த்தை மறந்துவிடுவார்கள். என் கணக்கில் எர்த்துக்குத்தான் முதலிடம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். சமையலறைத் தண்ணீர் ஓடும் ஈர மண்ணாகப் பார்த்து இரும்புக் குழாயை இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

ஏரியல் துளை இல்லாத டிரான்சிஸ்டரா? உள்ளே ஃபெரைட் கம்பி இருக்கும் இடத்துக்கு வெளியே, பெட்டியின் மேல் ஏரியல் கம்பியை ஐந்தாறு சுற்று சுற்றி, மறுமுனையை எர்த்தில் சேருங்கள். ரேடியோ பேட்டரியில் ஓடட்டும்.

சித்திரை, வைகாசியில் இடி இறங்கும் மலை இது. மேகம் கறுக்கும் முன்பே ஏரியலை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியிலேயே எர்த்தில் மாட்டுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு அந்தக் கம்பியைத் தொடவே கூடாது.