சிலம்பில் தீக்குறிகள்

அடுத்து என்ன நிகழுமோ எனப் படிப்போரை ஏங்க வைத்தல் கதைக்கலையின் இன்றியமையாத உத்தியாகும். முடிவை மறைத்தால்தான் இவ்வேக்கம் பிறக்கும் என்று பலரும் கருதுவர். ஆனால், சிலப்பதிகாரத்தின் பதிகமே கோவலன் கொலையுண்பதைக் கூறிவிடுகிறது. அதன் பின்னரும் நம் நெஞ்சம் பதைப்பது ஏன்? இளங்கோவடிகள் தீக்குறிகளைப் படிப்படியாக வளர்த்துச் செல்லும் முறையே அதற்குக் காரணம் எனலாம்.

புகாரில் முதற்குறி கனவாக வருகிறது. பெருநகர் ஒன்றில் கோவலன்மேல் பழி விழுந்ததையும், பின் அரசனும் ஊரும் கெட்டதையும் கனவில் கண்ட கண்ணகி அதனைத் தேவந்தியிடம் உரைக்கிறாள். மதுரையை அணுகும்போது இயற்கையே பேசத் தொடங்குகிறது. வையை பூவாடை போர்த்துத் தன் கண்ணீரை மறைக்கிறாள். மதிற்கொடிகள் கைகாட்டித் தடுப்பனபோல் அசைகின்றன. அடைக்கலக் காதையில் கோவலனும் தான் கண்ட தீக்கனவை மாடலனிடம் கூறுகிறான். கணவனும் மனைவியும் தத்தம் கனவை ஒருவருக்கொருவர் கூறிக்கொண்டதாகக் காப்பியத்தில் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எச்சரிக்கை பிறந்தது, சேரவேண்டிய செவியைச் சேரவில்லை.

சிலம்பு விற்கச் செல்பவன்முன் திமிலுடைய காளை ஒன்று எதிர்ப்படுகிறது. அது தீநிமித்தம் என்பதை வணிகர் குலத்தவனாகிய அவன் அறியான். நாமோ அறிவோம். குறியைக் காண்பவனுக்கு அதன் பொருள் விளங்காமையும் நமக்கு விளங்குதலும் சேர்ந்தே நம்மைப் பதைக்கச் செய்கின்றன.

ஆய்ச்சியர் குரவையில் இவ்வுத்தி உச்சம் பெறுகிறது. குடத்துப் பால் உறையவில்லை, உறிவெண்ணெய் உருகவில்லை, ஆனிரையின் மணிகள் அற்று வீழ்கின்றன. கறவைகளின் துயர் நீங்க ஆய்மகளிர் குரவை ஆட, கண்ணகியும் காண்கிறாள். கோவலனோ முந்தைய காதையிலேயே வெட்டுண்டு வீழ்ந்துவிட்டான். இறுதியாக, செங்கோலும் வெண்குடையும் சாயக் கண்ட கோப்பெருந்தேவி தன் கனவை மன்னனிடம் உரைக்கிறாள். அவ்வேளையில் கண்ணகி வாயிலில் வந்து நிற்கிறாள். தொலைவில் கனவாகத் தொடங்கிய எச்சரிக்கை அரண்மனை வாயிலை அடைந்துவிட்டது.

இன்று சிறுகதை எழுத முனையும் நம் மாணவர் பலர் இடியையும் மின்னலையும் ஆந்தையின் அலறலையும் முதற்பக்கத்திலேயே குவித்துவிடுகின்றனர். அதன்பின் அஞ்சுவதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. ஒவ்வொரு குறியும் முந்தையதைவிட அருகில் வரவேண்டும். ஐயத்திற்குரிய இடத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். தடுக்க இன்னும் வழியுண்டோ என்ற நப்பாசையை மட்டும் இறுதிவரை விட்டுவைக்கவேண்டும். அந்த நப்பாசையே நம்மைக் கொலைக்களம் வரை கோவலனின் பின்னே நடக்கச் செய்கிறது.