ஊன்றுகோல் யார் பொறுப்பு? – 7: கையில் காசு, வாசலில் ஆள் இல்லை

சென்ற வாரம் ஆஸ்திரேலியாவின் கதையைத் தொடங்கினோம். அங்கே 2013ஆம் ஆண்டு ஜூலையில் சில வட்டாரங்களில் மட்டும் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டம், உதவிப் பணத்தை ஸ்தாபனங்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடும் பழைய வழக்கத்தை மாற்றி, ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே ஒதுக்கி, வேண்டிய சேவையை வேண்டியவரிடம் பெற்றுக்கொள்ளும் சுதந்திரத்தை அவரவரிடமே ஒப்படைத்தது. அந்தச் சுதந்திரத்தின் மகிமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தம்மைக் குளிப்பாட்ட வருகிறவர் யார் என்பதைக்கூடத் தாமே தீர்மானிக்க வழியின்றி ஆயுளைக் கழித்தவர்களுக்கு அது சாமானியமான விஷயமல்ல. ஆயினும், வாங்குகிறவன் ஒருவன் இருந்தால் விற்கிறவன் தானே வந்து சேருவான் என்ற சித்தாந்தத்தின் மேல் அல்லவா அந்த ஏற்பாடு முழுவதும் நின்றது!

வட பிரதேசத்தின் தூரக் குடியிருப்புகளில், முக்கியமாகப் பூர்வகுடி மக்களிடையே, விற்கிறவன் வந்து சேரவேயில்லை. பெயரில் திட்டம் உண்டு, திட்டத்தில் டாலர் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் கடந்து ஒரு சிகிச்சையாளர் வந்து போனால் ஒதுக்கிய தொகையில் பெரும் பங்கு பயணத்திலேயே கரைந்துவிடும், வராவிட்டாலோ தொகை செலவாகாமல் கிடக்கும். கடையே இல்லாத ஊரில் ரேஷன் அட்டையை வைத்துக்கொண்டிருப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. சேவைகளின் விலைக்கு உச்சவரம்பு விதிப்பது திட்டத்தை நடத்தும் நிர்வாகமேயாதலால், இதைச் சந்தையின் குற்றம் என்று மட்டும் சொல்லிக் கைகழுவ முடியாது.

நகரங்களில் கஷ்டம் வேறு விதமானது: அங்கே விற்கிறவன் உண்டு, ஆனால் அவன் ஒருநாள் வராமல் நின்றுவிடலாம். கழுத்துக்குக் கீழே அசைவற்ற ஒருவரைக் காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தூக்கும் இயந்திரத்தில் மாட்டுகிற கெட்டித் துணியை அவர் உடலுக்கு அடியில் சுருக்கமில்லாமல் செலுத்தி, ஒருவர் இயந்திரத்தை இயக்க, மற்றவர் தலையும் காலும் எதிலும் இடிபடாமல் தாங்கிக்கொள்ள, பெரும்பாலும் இருவர் வேண்டும். அவர்களில் ஒருவர் வராவிட்டால் வந்தவரும் வராதவரே. அன்றைக்குக் குளியல் இல்லை, வேலைக்குப் போவதில்லை. புரட்டிப் படுக்கவைக்கவும் ஆளில்லையென்றால் சில மணி நேரத்தில் முதுகின் கீழ்ப்புறத்தில் தோல் சிவக்கத் தொடங்கிவிடும். இந்த வியாபாரத்தில் கடையடைப்பு என்பதற்கு அர்த்தம் அதுதான். வீட்டு உரிமையாளரும் பராமரிப்பு நிறுவனமும் ஒன்றேயாக இருக்குமானால், சேவை போகிற அன்றே கூரையும் போகிற ஆபத்து உண்டு.

நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு, தான் நேரடியாக நடத்திவந்த பராமரிப்புச் சேவைகளையெல்லாம் 2018க்குள் தனியார் வசமும் தர்ம ஸ்தாபனங்கள் வசமும் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டது. பழைய சர்க்கார் விடுதிகளைப் புகழ நான் வரவில்லை. அவற்றின் அவலங்கள் பிரசித்தமானவை. ஆனால் எல்லோரும் கைவிட்ட ஒருவரை, கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிறவரை, இரவு முழுதும் இருவர் விழித்திருந்து கவனிக்க வேண்டியவரை, ‘எங்களால் முடியாது’ என்று திருப்பி அனுப்ப முடியாத ஒரு வாசல் அன்று இருந்தது. இன்று அத்தகையவர்களில் சிலர், நோய் எதுவுமில்லாமலே, போக்கிடமின்றி ஆஸ்பத்திரிக் கட்டில்களில் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டிலின் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாநிலங்களும் வழக்காடுகின்றன. கடைசிப் புகலிடமாக நின்று சேவை செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்வியை, மத்திய அரசுக்கு ஆலோசனை கூறும் உற்பத்தித்திறன் ஆணையம் 2017லேயே எழுப்பியது. 2023இல் வெளிவந்த, இந்தத் திட்டத்தின் மறுஆய்வு அறிக்கை, தூரப் பிரதேசங்களில் தனித்தனி ஒதுக்கீட்டை மட்டும் நம்பாமல், அந்தந்தச் சமூகத்தோடு கலந்து சேவையை மொத்தமாக ஏற்பாடு செய்யும்படி யோசனை கூறியது.

கடைசிப் புகலிடம் யார் என்ற கேள்விக்கு விடையை இங்கிலாந்து அடிபட்டுக் கற்றுக்கொண்டது. கட்டடங்களை விற்று, அவற்றிலேயே வாடகைக்கு இருந்துகொண்டு, சுமார் 31,000 பேரை, பெரும்பாலும் முதியவர்களை, பராமரித்துவந்த சதர்ன் கிராஸ் என்ற கம்பெனி, ஏறிக்கொண்டே போன வாடகையைக் கொடுக்க முடியாமல் 2011இல் சரிந்தது. அதன் பின் வந்த 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, ஒரு நிறுவனம் நொடித்துச் சேவை நின்றுபோனால், அதுவரை பணம் கொடுத்தது யாராயிருந்தாலும், அந்த மனிதரின் தேவையைத் தற்காலிகமாக நிறைவேற்றும் கடமை உள்ளூராட்சி மன்றத்தையே சேர்ந்தது என்று விதித்தது. உத்தரவாதம் கம்பெனிக்கன்று, மனிதருக்கு. என் அபிப்பிராயத்தில் ஆஸ்திரேலியா இரவல் வாங்க வேண்டியது இந்த ஒரு வாசகத்தைத்தான்.

பெரிய நிறுவனங்களின் நிதிநிலையை முன்கூட்டியே கண்காணிக்கும் பொறுப்பும் அச்சட்டத்தாலேயே ஏற்பட்டது. 2018 நவம்பரில், வீடு வீடாக ஆளனுப்பிவந்த அல்லைட் ஹெல்த்கேர் நிறுவனத்தைப் பற்றிக் கண்காணிப்பு ஆணையம் மன்றங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது, நிறுவனம் ஆட்சேபித்தது, அந்த மாதம் முடிவதற்குள் அது வேறொருவர் கைக்கு மாறுவது அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட கைமாற்றங்களில் காகிதத்தில் மாறுவது எஜமானர் பெயர். யாருக்குச் சோற்றை எவ்வளவு குழைக்க வேண்டும், எந்தத் தோள் வலிக்கும் என்ற ஞானமோ தினமும் வந்துபோகிற ஊழியரிடம் இருக்கிறது. அந்த ஊழியர் கூடவே வந்தால் சேவை தொடரும், நின்றுவிட்டால் 48ஆவது பிரிவு என்ன செய்யும்? அத்தகைய ஊழியர்களுக்குக் கிடைக்கும் ஊதியத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.