தீயும் விண்வெளியும் ஒரே ஆல்பத்தில்

டிரம்பெட் இரண்டு, சாக்ஸபோன் இரண்டு, டிராம்போன், டியூபா, கிட்டார், கீபோர்டு, பாஸ், டிரம்ஸ். பத்துப் பேர் கொண்டிருந்த இந்த லண்டன் ஜாஸ் குழு 2019இல் சீட் என்செம்பிள் என்ற பெயரில் இயங்கியது. ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தபடி குழுவை நடத்துபவர் கேஸி கினோஷி. முதல் ஆல்பமான ‘டிரிஃப்ட்கிளாஸ்’ 2019இல் வெளிவந்தபோது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார்.

அமெரிக்க அறிவியல் புனைகதையாளர் சாமுவேல் டிலானியின் கதைத் தொகுப்பிலிருந்து வந்தது ஆல்பத்தின் பெயர். பிரிட்டனில் கறுப்பராக வாழ்வதும், அந்த வாழ்வுக்கு வேறொரு எதிர்காலத்தைக் கனவு காண்பதும்தான் ஆல்பத்தின் கரு. கறுப்பரை இழிவாகச் சுட்டும் பழைய வசைச்சொல்லே ஒரு பாட்டுக்குத் தலைப்பு. இன்னொன்று, கோள் விட்டுக் கோள் குடிபெயர்வது பற்றியது.

கரு பெரிதாக இருந்தால் இசை பிரசங்கமாகிவிடும். ஒரே கருவைச் சுற்றிய ‘கான்செப்ட் ஆல்பம்’ என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். இங்கே இசை பிரசங்கமாகவில்லை. ‘வேக்’ பாட்டைக் கேட்டால் காரணம் புரியும். 2017 ஜூன் 14 அன்று மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் மாண்டார்கள். வெளிச்சுவரில் பொருத்தியிருந்த, எளிதில் தீப்பற்றும் பலகைகள் வழியாக நெருப்பு மளமளவென்று ஏறியது. இறந்தவர்களில் பலர் குடியேறிகள். அவர்களுக்கான பாட்டில் கினோஷி எந்தக் குற்றச்சாட்டையும் எழுதவில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் சின்னஞ்சிறு கவிதை ஒன்றை எடுத்து, பாடகி செரீஸைப் பாட வைத்தார். ஹியூஸ் இறந்தது 1967இல். அரை நூற்றாண்டு கழித்து எரிந்த கட்டடத்துக்கு அந்த வரிகள் அப்படியே பொருந்துகின்றன. கோபத்தைக் கேட்பவரிடமே விட்டுவிட்டார், அதுதான் வலிக்கிறது.

இத்தகைய திறமைகள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கேரி கிராஸ்பியும் ஜனீன் அயர்ன்ஸும் 1991இல் தொடங்கிய ‘டுமாரோஸ் வாரியர்ஸ்’ அமைப்பு இளைஞர்களுக்குக் காசு வாங்காமல் ஜாஸ் கற்றுத்தருகிறது. கினோஷியும் டியூபா வாசிக்கும் தியான் கிராஸும் அங்கே பயின்றவர்கள்தாம். கட்டணம் கட்ட முடிந்தவர்கள் மட்டும் கற்றிருந்தால், இந்தப் பத்துப் பேர் ஒரே மேடைக்கு வந்திருப்பார்களா?

ஆல்பங்களுக்கான பிரிட்டனின் மெர்க்குரி பரிசு இறுதிப் பட்டியலில் ‘டிரிஃப்ட்கிளாஸ்’ இடம்பெற்றது. பரிசு ராப் பாடகர் டேவுக்குப் போனது. ஜாஸ் பழக்கமில்லாதவர்கள் ‘வேக்’ பாட்டில் தொடங்கலாம். பிடித்திருந்தால் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள்.