காய்ச்சல் கண்டால் கொழும்பு விலாசத்தையும் சொல்லுங்க

நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு லயத்துக்கு வரும்போது சிலர் காய்ச்சலோடு வருகிறார்கள். அது டெங்குவாக இருந்தால், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற விலாசம் மற்றவர்களையும் காப்பாற்றும். எப்படி என்று பார்ப்போம்.

டவுனில் ஏன் அதிகம்?

2017ஆம் ஆண்டு இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல் மாகாணத்தில்தான் நோயாளர் அதிகம். நெருக்கமான வீடுகள், கட்டி முடியாத மாடிகள், கூரைப் பீலி, பழைய டயர், யோகட் கோப்பை – தெளிந்த தண்ணீர் தேங்க இடமிருந்தால் போதும். முட்டை பொரித்து, குடம்பியாகி, ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகிவிடும். இந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும்.

மேப் எதற்கு?

டெங்கு என்று சந்தேகம் வந்தால் டாக்டர் அதைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். இது சட்டம். பிறகு பீ.எச்.ஐ. ஐயா வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஒவ்வொரு நோயாளியும் மேப்பில் ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே தெருவைச் சுற்றி ஐந்தாறு புள்ளி விழுந்தால் விஷயம் வேறு. டெங்கு நுளம்பு அதிக தூரம் பறக்காது. ஆகவே அது பெருகுகிற தண்ணீரும் கிட்டத்தில்தான் இருக்கும். அங்கே போய்த் தேடலாம்.

விலாசம் மாறினால்?

கடித்து 4 முதல் 10 நாள் கழித்தே காய்ச்சல் வரும். அதற்குள் பிள்ளை ஊருக்கு வந்துவிடலாம். ஒரு பேச்சுக்கு, கொழும்பில் ஒரே அறையில் தங்கிய மூன்று பேர் மூன்று தோட்டங்களுக்கு வந்து, தோட்ட விலாசத்தை மட்டும் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்று புள்ளியும் மூன்று மலையில் விழும். அந்த அறைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இருக்காது. அங்கே மிச்சமிருப்பவர்களை நுளம்பு கடித்துக்கொண்டே இருக்கும்.

"முதலாளிக்குத் தொந்தரவு வரும், வேலை போயிடும்" என்று சிலர் மறைப்பதுண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அடுத்ததாகப் படுக்கையில் விழுவது, கூட வேலை செய்கிற நம்ம பிள்ளையாகவே இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. கடந்த இரண்டு வாரமாக எங்கே தங்கினீர்கள், பகலில் எங்கே வேலை செய்தீர்கள் என்று தெருப் பெயரோடு சொல்லுங்க. கேட்காவிட்டாலும் சொல்லுங்க.

2. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், சொன்ன அளவில் கொடுங்கள். அஸ்பிரின், புரூபன் கூடாது. இரண்டு நாளாகியும் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. காய்ச்சல் இறங்கியதும் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீங்க. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு இருந்தால் உடனே கொண்டுபோங்கள்.

4. நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கிற நுளம்பு லயத்திலும் நோயைப் பரப்பும்.

5. வாரம் ஒருமுறை லயத்தைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.